மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டோரின் டிராகன் படகு இயக்கம்

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற பெண்கள் குழுவாகச் சேர்ந்து டிராகன் படகு வலிக்கும் இயக்கம் 1996-ஆம் ஆண்டு கனடாவின் வான்கூவர் நகரில் தொடங்கியது. ஒரு மருத்துவ ஆய்வாகத் தொடங்கிய இது பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது.

பின்னணி

மார்பகப் புற்றுநோய் அறுவையின்போது அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் அகற்றுவது உண்டு. அதனால் நிணநீர் வடிய வழியின்றிக் கையில் தேங்கி வீக்கம் ஏற்படலாம். இதுவே நிணநீர் வீக்கம். ஒருமுறை வந்தால் முழுதும் குணமாவது அரிது. கையைக் கடுமையாகத் திரும்பத் திரும்ப இயக்கினால் வீக்கம் வரும் என மருத்துவர்கள் கருதினர். எனவே பாரம் தூக்குவதையும் கைக்கு வேலை தரும் விளையாட்டுகளையும் தவிர்க்கும்படி பெண்களுக்கு அறிவுரை கூறப்பட்டது. நோய் நீங்கிய பின்னரும் இந்தத் தடை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. ஆனால் அதற்கு ஆய்வு ஆதாரம் போதிய அளவு இருக்கவில்லை.

வான்கூவர் சோதனை

பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் விளையாட்டு மருத்துவர் டான் மெக்கென்சி இக்கருத்தைச் சோதிக்க முற்பட்டார். அதற்கு அவர் தேர்ந்தது டிராகன் படகு. சீனாவில் தோன்றிய இந்த நீண்ட படகில் பொதுவாக 20 பேர் இருவர் இருவராக அமர்ந்து துடுப்பு வலிப்பர். முன்னால் ஒருவர் மேளம் அடித்துத் தாளம் கொடுக்க, பின்னால் ஒருவர் படகைத் திசை திருப்புவார். கைகளுக்கும் தோள்களுக்கும் ஓயாத வேலை தருவதால், விலக்கப்பட்டிருந்த செயலுக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை இல்லை.

நோயிலிருந்து மீண்ட 24 பெண்கள் முன்வந்தனர். முதலில் உடற்பயிற்சிக் கூடத்தில் படிப்படியாக வலுவேற்றி, பின்னர் படகில் பயிற்சி பெற்று, அவ்வாண்டு நகரின் டிராகன் படகுத் திருவிழாவில் போட்டியிட்டனர். குழுவின் பெயர் 'அப்ரெஸ்ட் இன் எ போட்'. 'அருகருகே' எனப் பொருள்படும் முதற்சொல்லுக்குள் மார்பகத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அடங்கியுள்ளது.

யாருக்கும் புதிதாக நிணநீர் வீக்கம் வரவில்லை. ஏற்கெனவே இருந்தவர்களுக்கும் அது மோசமாகவில்லை. 1998-இல் கனடிய மருத்துவச் சங்க இதழில் மெக்கென்சி இதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

பிற்கால ஆய்வு

24 பேர் கொண்ட, ஒப்பீட்டுக் குழு இல்லாத சோதனை எதையும் உறுதியாக நிறுவிவிடாது. ஆயினும் அச்சத்தைக் கேள்விக்குள்ளாக்க அது போதுமானதாக இருந்தது. பின்னர் அமெரிக்காவில் காத்ரின் ஷ்மிட்ஸ் தலைமையில், நிணநீர் வீக்கம் உள்ள 141 பெண்களிடம் ஓராண்டு ஆய்வு நடந்தது. மேற்பார்வையுடன் படிப்படியாக எடை தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை என்றும், நோய் முற்றும் நிலைகள் குறைந்தன என்றும் 2009-இல் வெளியான அதன் முடிவுகள் காட்டின. இன்று முழு ஓய்வுக்குப் பதிலாக, அளவறிந்து கூட்டப்படும் உடற்பயிற்சியே பரிந்துரைக்கப்படுகிறது.

பரவல்

முதற்பருவத்துடன் கலைந்திருக்கக்கூடிய குழுவைப் பெண்களே தொடர்ந்து நடத்தினர். பிற நகரங்களிலும் நாடுகளிலும் குழுக்கள் உருவாயின. 2010-இல் மார்பகப் புற்றுநோய்த் துடுப்பாளர்களுக்கான பன்னாட்டு ஆணையம் அமைந்தது. ஆஸ்திரேலியாவின் கலௌண்ட்ரா (2007), கனடாவின் பீட்டர்பரோ (2010), அமெரிக்காவின் சரசோட்டா (2014), இத்தாலியின் புளோரன்ஸ் (2018), நியூசிலாந்தின் கராபிரோ (2023) ஆகிய இடங்களில் பன்னாட்டு விழாக்கள் நடந்தன. சில குழுக்களில் குடும்பத்தினரும் நண்பர்களும் மேளம் அடித்தும் படகைச் செலுத்தியும் துணை நிற்கின்றனர்.

மலர் நிகழ்வு

போட்டிகள் முடிந்ததும் படகுகள் நீரில் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். அருகிலுள்ள படகைக் கையால் பற்றிக்கொண்டு, இறந்துபோன தோழியரை நினைத்து இளஞ்சிவப்பு மலர்களைப் பெண்கள் நீரில் இடுவர். மீண்டவர்கள் எல்லோருக்கும் நோய் திரும்பாது என்ற உறுதி கிடையாது. படகில் ஒருவரின் இடம் அடுத்த ஆண்டு வெறுமையாகலாம். அதை மறைக்காமல் துடுப்பு வலிப்பதே இவ்வியக்கத்தின் இயல்பு.