கிரிப்டோ பணப்பை மோசடிக்குப் பின்னான தற்காப்பு: மலையக நிலை

கிரிப்டோ பணப்பை மோசடி என்பது, இலக்கமுறை நாணயம் வைத்திருக்கும் ஒருவரைப் பொய்ச் செய்தியாலோ போலி இணையப்பக்கத்தாலோ நம்பவைத்து, அவருடைய பணப்பையைத் திறக்கும் இரகசியத்தையோ அதிலிருந்து பணம் எடுப்பதற்கான சம்மதத்தையோ அவர் கையாலேயே பெற்றுக்கொள்ளும் வஞ்சகச் செயலாகும். இதற்குப் பலியானவர் எஞ்சியதைக் காத்துக்கொள்ளவும் மறுமுறை ஏமாறாதிருக்கவும் செய்யவேண்டிய காரியங்கள், நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா முதலிய தேயிலைப் பிரதேசங்களின் நிலைமையை விசேஷமாகக் கருத்திற்கொண்டு இங்கு கூறப்படுகின்றன.

கொழுந்து பறிக்கும் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில்தான் 1,350 ரூபாயாக உயர்ந்தது. கொழும்புக் கடைகளில் உழைக்கும் பிள்ளைகளும் வளைகுடா நாடுகளில் வீட்டுவேலைக்குச் சென்ற பெண்களும் அனுப்பும் பணத்தைக்கொண்டே பல லயன் வீடுகளில் சீவனம் நடக்கிறது. 2022இல் அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தி, 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 360 ரூபாயை எட்டியபோது, டொலருக்கு நிகரான நாணயத்தில் சேமித்தால் மதிப்புக் குன்றாது என்ற எண்ணம் படித்த இளைஞருக்கு உண்டானதில் ஆச்சரியமில்லை. அக்காலத்திலேயே ஸ்போர்ட்ஸ் செயின் போன்ற திட்டங்கள் கிரிப்டோ என்ற பெயரைச் சொல்லிக் கிராமப்புறத்து ஜனங்களின் பணத்தைத் திரட்டின; இலங்கை மத்திய வங்கி அதனைத் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. பிரமிட் திட்டத்தில் மனிதர் இலாபத்தை நம்பிப் பணத்தைத் தாமே கொடுக்கின்றனர். பணப்பை மோசடியிலோ, தாம் எதையும் கொடுக்கவில்லை, வெறுமனே ஒரு விபரத்தைச் சரிபார்த்தோம் என்றே நினைக்கின்றனர்.

மெய்நிகர் நாணய வியாபாரத்துக்கு எந்த நிறுவனத்துக்கும் அனுமதி வழங்கப்படவில்லை என்று மத்திய வங்கி பலமுறை அறிவித்துள்ளதோடு, வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழான 2021ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பணிப்புரைப்படி டெபிட், கிரெடிட் அட்டைகளால் இந்நாணயங்களுக்குப் பணம் செலுத்துவதும் அனுமதிக்கப்படுவதில்லை. ஆகவே வாங்க விரும்புகிறவர் முன்பின் அறியாத ஒருவருக்கு வங்கிக் கணக்குவழியே பணம் அனுப்பி நாணயத்தைப் பெறுகிறார். அதனைப் பறிகொடுத்த பின்னர், பொலிஸுக்குப் போனால் தம்மையே குற்றவாளியாக்கிவிடுவார்களோ என்று அஞ்சி வாய்மூடியிருக்கிறார். இந்த அச்சம் மோசடிக்காரனுக்குப் பெரிய அனுகூலம். மத்திய வங்கியின் எச்சரிக்கைகளில் எதுவும், ஏமாற்றப்பட்டவர் முறைப்பாடு செய்வதைத் தடைசெய்யவில்லை.

மோசடியின் ரூபம் பெரும்பாலும் ஒன்றே. "உங்கள் வொலட் 24 மணி நேரத்தில் முடக்கப்படும்" என்று டெலிகிராமிலோ வட்ஸ்அப்பிலோ ஒரு செய்தி வரும். அதிலுள்ள இணைப்பை அழுத்தினால் மெய்யான பணப்பையின் நரிச்சின்னமோ கேடயச்சின்னமோ பிசகின்றிப் பதித்த ஒரு பக்கம் திறக்கும். அதில் வரிசையாகப் பன்னிரண்டு வெற்றுக் கட்டங்கள் இருக்கும். பணப்பையை உருவாக்கிய நாளில் கிடைத்த மீட்புச் சொற்களை அக்கட்டங்களில் நிரப்பிய கணத்தில், பணப்பை கைமாறிவிடுகிறது. பெரும்பாலான பணப்பைகள் பின்பற்றும் நியமத்தில் இச்சொற்கள் 2,048 சொற்கொண்ட ஒரு பட்டியலிலிருந்து பொறுக்கப்படுகின்றன; ஆங்கிலமும் ஜப்பானியமும் ஸ்பானியமும் அடங்கிய அந்தப் பட்டியல்களில் தமிழ் இல்லை. ஆதலால் தோட்டத்து இளைஞர் பலருக்கு அவை அர்த்தம் மனத்தில் நில்லாத ஆங்கிலச் சொற்களாகவே உள்ளன. மனனஞ்செய்ய இயலாமல் அவற்றைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைப்பதும், அத்தொலைபேசி பழுதுபட்டால் அப்படியே கொமியூனிகேஷன் கடையில் ஒப்படைப்பதும், அபாயத்தை இரட்டிப்பாக்குகின்றன.

பலியானவர் முதலில் தெளியவேண்டியது, தம்மிடமிருந்து போனது எது என்பதே. மீட்புச் சொற்கள் வெளிப்பட்டிருப்பின், அப்பணப்பை முற்றாக இழக்கப்பட்டதென்றே கொள்ளவேண்டும். கடவுச்சொல்லை மாற்றுவதாலோ செயலியை அழித்து மீண்டும் நிறுவுவதாலோ பயனில்லை; கடவுச்சொல் அந்த ஒரு கருவியிலுள்ள செயலியை மட்டுமே பூட்டுகிறது, சொற்களோ எந்நாட்டிலுள்ள எந்தக் கருவியிலும் அப்பணப்பையை மறுபடி உண்டாக்கிவிடும். சாவி திருடனிடம் இருக்கையில் கதவுக்கு வர்ணம் பூசுவதை அது ஒக்கும். அச்சொற்களிலிருந்து பிறந்த முகவரிகள் யாவும், நாணயம் இயங்கும் வலையமைப்பு எதுவாயினும், அவற்றோடு சேர்ந்தே போயின. ஐயத்துக்கிடமில்லாத வேறொரு கருவியில் புதிய பணப்பை அமைத்து, புதிய சொற்களைக் கடதாசியில் எழுதிக்கொண்டு, எஞ்சிய நாணயம் இருப்பின் உடனே அங்கு மாற்றவேண்டும். ஆயினும் மாற்றுக் கட்டணத்துக்கென்று பழைய பணப்பைக்குள் புதிதாகப் பணம் போடுவது ஆபத்தானது: அங்கு வந்து விழும் சிறு தொகையையும் அக்கணமே வாரிச்செல்லும் தானியங்கி நிரல்களை மோசடிக்காரர் காவல்வைத்திருப்பது வழக்கம்.

சொற்களைக் கொடாமல், இலவச நாணயம் தருவதாகச் சொன்ன ஏதோவொரு பக்கத்தில் பணப்பையை இணைத்துச் சம்மதம் மட்டும் அளித்திருந்தால் நிலைமை வேறு. எதீரியம் முதலிய வலையமைப்புகளில், ஒரு குறித்த நாணயத்தை எல்லையின்றி எடுத்துக்கொள்ளப் பிறருக்கு அதிகாரம் கொடுக்கும் அனுமதியொன்று உண்டு. அதனை இரத்துச் செய்யும்வரை அது உயிரோடிருக்கும். அனுமதிகளைப் பரிசோதித்து, அறிமுகமில்லாதவற்றைச் சிறு கட்டணத்துடன் இரத்துச் செய்தால், எடுபடாத நாணயம் பிழைக்கும். கட்டணமின்றிக் கையொப்பமாக மட்டும் பெறப்படும் அனுமதிகளும் இருப்பதால், 'காசு ஒன்றும் கழியவில்லையே' என்று ஆறுதலடைதல் தகாது. ஐயம் தீராவிடில் புதிய பணப்பைக்கு இடம்பெயர்வதே உத்தமம். பணப்பையை எதனோடும் இணைக்காமல், வியாபாரி என்று நம்பி ஒருவருக்குத் தாமே நாணயத்தை அனுப்பியிருந்தால், இரத்துச் செய்வதற்கு எதுவும் இல்லை. போன சதத்தைத் திருப்பித்தரும் அதிகாரம் வலையமைப்பில் எவருக்கும் கிடையாது.

நஷ்டத்தினும் கொடியது அதன் பின்வருவது. ஏமாந்தவர் பெயர் பட்டியலில் ஏறி விலைபோகிறது. 2020இல் லெட்ஜர் என்னும் பணப்பைக் கருவி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சுமார் 2,72,000 பேரின் பெயர், தபால் முகவரி முதலியன இணையத்தில் வெளியான பின், அவர்களுட் பலருக்குப் போலிக் கடிதங்கள் வீட்டுக்கே வந்தமை, இத்தகைய பட்டியல் எவ்வாறு பயன்படுத்தப்படும் என்பதற்குத் தக்க சான்று. பணத்தை மீட்டுத் தருவதாகக் கூறி, முன்கட்டணமோ மீட்புச் சொற்களோ கேட்கும் 'மீட்பு நிபுணர்' எவராயினும், அவர் தம்மை வழக்கறிஞர் என்றோ அதிகாரி என்றோ சொல்லிக்கொண்டாலும், இரண்டாம் மோசடிக்காரரே. அந்தக் கட்டணத்துக்காகத் தாலிக்கொடியை அடகுக்கடையில் வைத்துவிட்டால், கிரிப்டோவை ஒருநாளும் கண்டிராத தாயின் தலையில் அக்கடன் விழுகிறது; இவ்விஷயத்தில் குடும்பத்துக்கு உடனே உண்மையைச் சொல்லிவிடுவதே முதன்மையான பாதுகாப்பு. பறிகொடுத்ததை ஈடுசெய்யலாமென்று கூறி, வங்கிக் கணக்கையும் அட்டையையும் வாடகைக்குக் கொடுக்குமாறு மோசடிக்காரர் அழைப்பதும் உண்டு. திருட்டுப் பணம் அக்கணக்கின்வழி நடமாடினால், விசாரணை கணக்குக்குரியவரையே தேடிவரும். இத்தகைய கூட்டங்கள் தூரதேசத்தில் மட்டும் உள்ளன என்று எண்ணலாகாது: 2024 அக்டோபரில் கண்டிக்கு அருகே குண்டசாலையில், இணைய நிதிமோசடி தொடர்பாக நூற்றுக்கு மேற்பட்ட சீனப் பிரஜைகள் கைதாயினர்.

முறைப்பாடு தாமதிக்கத்தக்கதன்று. திருடிய நாணயம், கிரிப்டோவை வாங்கி விற்கும் பதிவுபெற்ற பரிமாற்றகம் ஒன்றை அடைந்து அங்கேயே நிற்கும் சிறிது நேரத்துள் தகவல் போனால் கணக்கு முடக்கப்படலாம்; டொலருக்கு நிகரான யூ.எஸ்.டி.டி. நாணயத்தை வெளியிடும் டெதர் நிறுவனத்துக்கும் குறித்த முகவரிகளை முடக்கும் சக்தி உண்டு. செய்திகளையும் உரையாடலையும் அழியாமல் வைத்து, பரிமாற்றத்தின் அடையாள எண், திருடனின் முகவரி, நாள், நேரம், தொகை, வங்கிச் சிட்டை ஆகியவற்றைத் திரட்டிக்கொள்ளவேண்டும். இணையப் பாதுகாப்புக்கென 2006இல் நிறுவப்பட்ட இலங்கை சேர்ட் அமைப்பை 101 என்ற இலக்கத்திலும், மத்திய வங்கியை 1935 என்ற இலக்கத்திலும் அழைக்கலாம்; 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்கீழான விசாரணை குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் பொறுப்பு. அருகிலுள்ள பொலிஸ் நிலையத்திலும் முறையிடலாம். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக்கொடுக்கும் உரிமை அரசியலமைப்பில் உள்ளது. சிங்களத்தில் எழுதப்பட்டதை, முகவரி எழுத்துக்களும் தொகையும் சரியாயிருக்கின்றனவா என்று வாசித்துக் கேட்காமல் கையொப்பமிடலாகாது. அம்முகவரியில் ஓர் எழுத்துப் பிசகினாலும் விசாரணை திருடனின் பணப்பையைச் சென்றடையாது.