ஏந்திச் சென்றவர் யார்? – மலாயாவில் சுடும் ஆயுதமும் வழிப்பயண உரிமையும்

பினாங்குத் தீவுக்கு எதிரே உள்ள செபராங் பிறை நிலப்பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1800ஆம் ஆண்டில் கெடாவிடமிருந்து பெற்றது. மறு ஆண்டு டிசம்பர் முதல் நாளன்று, சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் தென்பாளையங்களில் ஆயுதம் தரிப்பதைத் தடை செய்யும் அறிவிப்பை வெளியிட்டார். மருது சகோதரர் தூக்கிலிடப்பட்டு ஐந்து வாரங்களே கழிந்திருந்தன. 1802 பெப்ரவரியில் சின்ன மருதுவின் மகன் துரைசாமி, சிவகங்கை வேங்கன் பெரிய உடையத் தேவர் உள்ளிட்ட 70க்கும் மேற்பட்டோர் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றப்பட்டுப் பினாங்கிற்கு நாடு கடத்தப்பட்டனர். ஆகவே, இத்தீவின் தொடக்ககாலத் தமிழர்களுள் ஆயுதம் பறிக்கப்பட்டு வந்தவர்களும் இருந்தனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பின்னர்ச் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கும் ரப்பர்த் தோட்டங்களுக்கும் வந்த தமிழ்த் தொழிலாளர் துப்பாக்கியைப் பெரும்பாலும் துரை பங்களாவிலோ காவலர் தோளிலோதான் கண்டிருப்பர். மலாயாத் தமிழர் வரலாற்றில் துப்பாக்கி சட்டப் பொருளாக முதன்மை பெறுவது 1948க்குப் பின்னரே. ஆயுதத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு எடுத்துச் செல்பவர் அக்கணத்தில் சட்டத்தின் கண்ணில் யார் என்னும் கேள்வி எவ்வாறு விடை பெற்றது என்பதையே இக்கட்டுரை ஆராய முனைகிறது.

1948 ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. தக்க அதிகாரமின்றிச் சுடும் ஆயுதம் ஏந்திச் செல்வதற்கும் ரவைகளை வைத்திருப்பதற்கும் அவசரகால விதிகள் மரண தண்டனை விதித்தன. சுட்டாரா, சுட எண்ணினாரா என்பது கேட்கப்படவில்லை. கையில் இருந்ததா, அதற்குரிய அதிகாரம் இருந்ததா என்னும் இரண்டே வினாக்கள் உயிரைத் தீர்மானித்தன.

இவ்விதியின் கீழ் மாண்டவர்களுள் தமிழுலகு அதிகம் அறிந்தவர் அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக விளங்கிய எஸ். ஏ. கணபதி. 1949 மார்ச் முதல் நாள் ரவாங் பகுதியில் கைத்துப்பாக்கியுடனும் ஆறு ரவைகளுடனும் அவர் கைது செய்யப்பட்டார். இரண்டு வாரங்களுக்குள் விசாரணை முடிந்து மரண தண்டனை அளிக்கப்பட்டது. இந்திய அரசு கருணை கோரி முயன்றும் பயனின்றி, மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கவே எடுத்துச் சென்றதாக அவர் தரப்பில் கூறப்பட்டதைப் பிற்கால எழுத்துகள் பதிவு செய்கின்றன. அக்கூற்றின் உண்மை பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. எனினும், அது எழுப்பும் வினா முக்கியமானது. ஒப்படைக்கச் செல்பவனும் வழியில் ஏந்திச் செல்பவனே அல்லவா? ஏந்திச் செல்லுதல் என்னும் சொல், போகும் இடத்தையோ போகும் நோக்கத்தையோ தன்னுள் கொண்டிருக்கவில்லை.

இதற்கு நேர்மாறான முடிவைக் கண்டது சாம்பசிவம் வழக்கு. கணபதியின் பெயர் அறிந்த பலரும் இவ்வழக்கை அறியாதது வியப்பளிக்கிறது. 1948 செப்டம்பரில் ஜொகூரில் ஒரு மோதலில் பலத்த காயமுற்றுப் பிடிபட்ட தமிழ் இளைஞர் மீது துப்பாக்கி ஏந்தியது, ரவைகள் வைத்திருந்தது என இரு குற்றங்கள் சாட்டப்பட்டன. நீதிபதிக்குத் துணையாக அமர்ந்த அசெசர்கள் இரண்டிலும் குற்றமற்றவர் என்றனர். நீதிபதி ரவைக் குற்றத்திலிருந்து மட்டும் அவரை விடுவித்து, துப்பாக்கிக் குற்றத்திற்கு மறுவிசாரணைக்கு ஆணையிட்டார். மறுவிசாரணையில், துப்பாக்கியும் ரவையும் தம்மிடம் இருந்ததாக அவர் தந்ததெனப்பட்ட வாக்குமூலம் முன்வைக்கப்பட்டது. ரவைக் குற்றத்தில் அவர் விடுவிக்கப்பட்டவர் என்பது புதிய அசெசர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. மரண தண்டனை விதிக்கப்பட்டது.

இலண்டன் பிரிவி கவுன்சில் 1950இல் அத்தீர்ப்பை நீக்கியது. முறையான நீதிமன்றம் ஒருவரைக் குற்றமற்றவர் என விடுவித்துவிட்டால், பிந்திய வழக்கில் அரசுத் தரப்பு அதற்கு மாறாக வாதிட இயலாது என்பதே அதன் சாரம். இக்கோட்பாட்டிற்கு மேற்கோளாகப் பொதுச் சட்டம் வழங்கும் பல நாடுகளின் நீதிமன்றங்கள் இன்றும் சாம்பசிவம் வழக்கை எடுத்தாளுகின்றன.

அவசரகாலம் 1960இல் முடிவுற்றது. எனினும் அதே ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்புப் பகுதியில் அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தால் மரண தண்டனை என்னும் விதியைத் தொடர்ந்தது. பினாங்கில் 1976இல் கைத்துப்பாக்கியும் ஐந்து ரவைகளும் வைத்திருந்ததாகத் தொடுக்கப்பட்ட தே செங் போ வழக்கு இதன்வழி எழுந்ததே. அவ்வழக்கு விசாரிக்கப்பட்ட 1975ஆம் ஆண்டு விதிமுறைகள் செல்லா எனப் பிரிவி கவுன்சில் 1978 டிசம்பரில் தீர்ப்பளித்தது. சாம்பசிவம் வழக்கும் இவ்வழக்கும் முப்பது ஆண்டு இடைவெளியில் வெளிவந்த இரு சட்ட அறிக்கைத் தொகுதிகளில் ஒரே 458ஆம் பக்கத்தில் தொடங்குவது சுவையான தற்செயல்.

இன்று நடைமுறையில் இருப்பது 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். உரிமம் வழங்கும் அதிகாரம் மாநிலக் காவல்துறைத் தலைவருக்கு உரியது. உரிமமின்றி வைத்திருப்பவருக்கு ஏழாண்டு வரை சிறையோ, 10,000 ரிங்கிட் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்க் குற்றஞ்சாட்டப்பட்டால் 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. துப்பாக்கிக் குற்றங்களுக்கான கட்டாய மரண தண்டனை 2023இல்தான் நீக்கப்பட்டது.

1970களில் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் உருவாக்கிய செபராங் ஜெயாவை எடுத்துக்கொள்வோம். 1985இல் பாலம் திறந்தபின் தீவும் நெடுஞ்சாலைகளும் சந்திக்கும் இடமாயிற்று அது. உரிமம் பெற்ற வேட்டைத் துப்பாக்கியுடன் அங்கிருந்து கோலாலம்பூருக்குக் குடிபெயரும் ஒருவர், வீட்டுச் சாமான்களோடு அதனையும் லாரியில் ஏற்றி முன்னே அனுப்பிவிடுகிறார் எனக் கொள்வோம். உடைமை மட்டுமன்று, காவலும் கட்டுப்பாடும்கூட இச்சட்டத்தின் எல்லைக்குள் வருவன. எனவே, உரிமத்தில் பெயரில்லாத லாரி ஓட்டுநர் பேராக் எல்லையைக் கடக்கும்போது உரிமமற்ற ஆயுதத்தைத் தம் காவலில் வைத்திருப்பவர் என்னும் ஐயத்திற்கு ஆளாகிறார். உரிமையாளரின் சார்பில் ஆயுதம் கொண்டுசெல்வோருக்குத் தனி அனுமதிச் சீட்டு என்னும் ஏற்பாட்டைச் சட்டம் வைத்திருப்பது இதனாலேயே.

ஆகவே, புறப்படுமுன் பினாங்குக் காவல்துறையிடமும் சேருமிடத்துக் காவல்துறையிடமும் எழுத்துவழி தெரிவித்து இசைவு பெறுவதும், ரவை நீக்கிய துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியிலும் ரவைகளை வேறொரு பெட்டியிலும் வைத்து, உரிம நூலுடன் உரிமையாளரே உடன் கொண்டு செல்வதும் வெறும் முன்னெச்சரிக்கைகள் அல்ல. வழியிலுள்ள சாலைத் தடுப்பில் காவலர் முதலில் கேட்பது அந்த உரிமத்தைத்தான். ரவாங்கில் கணபதியிடம் அப்படியொரு தாள் இருக்கவில்லை.