பழி ஓரிடம், பழுது ஓரிடம்

பழைய கையடக்க ரேடியோ கரகரத்தாலும் சரி, ஒலி தேய்ந்தாலும் சரி, ‘டிரான்சிஸ்டர் போய்விட்டது’ என்பதுதான் முதல் தீர்ப்பு. இது வால்வு காலத்து மிச்சம். வால்வுக்குள் இழை எரிந்துகொண்டிருந்தது, நாளாக ஆகத் தேய்ந்தது. பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகினால் வேலை முடிந்தது. 1954 அக்டோபரில் அமெரிக்காவில் 49.95 டாலர் விலையில் அறிவிக்கப்பட்ட ரீஜென்சி டிஆர்-1 ரேடியோவின் 4 டிரான்சிஸ்டர்களில் எரிவதற்கு இழையே கிடையாது. ஆனாலும் மறு ஆண்டு வந்த ஜெனித் ராயல் 500-இன் முதல் செட்டுகளில் டிரான்சிஸ்டர்களை வால்வு மாதிரியே சாக்கெட்டில் செருகியிருந்தார்கள். செய்தவர்களையே விடாத பழக்கம், பழுது பார்த்தவர்களை எப்படி விடும்?

அன்றைய டிரான்சிஸ்டர்கள் செய்யப்பட்ட ஜெர்மேனியம் உத்தமன் என்று சொல்ல வரவில்லை. சூடு ஏறினால் அதில் கசிவு மின்னோட்டம் கூடும். கூடிய மின்னோட்டம் மேலும் சூட்டைக் கிளப்பும். ஆனால் இது அன்றே தெரிந்த குணம். அதை அடக்கத்தான் டிரான்சிஸ்டரின் எமிட்டர் காலில் ஒரு ரெசிஸ்டரையும், பேஸ் காலில் இரண்டு ரெசிஸ்டர் கொண்ட பகுப்பானையும், அவுட்புட் ஜோடிக்குத் தெர்மிஸ்டரையும் வைத்தார்கள். இந்தக் காவல் குலைவது பெரும்பாலும் எலக்ட்ரோலிடிக் கண்டன்சரால். வால்யூம் கன்ட்ரோலுக்கும் அவுட்புட் ஜோடியை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் நடுவே நிற்கும் கண்டன்சர் ஏசியை விட்டு டிசியைத் தடுக்க வேண்டும். அது கசிந்தால் பேஸ் கிரவுண்ட் பக்கம் இழுபடும். எமிட்டரில் 1 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் மீட்டர் முள் அசையவே யோசிக்கும். வால்யூமைத் திருகும்போது அந்த அளவும் கூடிக் குறைந்தால் சந்தேகம் வலுக்கிறது. கண்டன்சரின் ஒரு காலைக் கழற்றியதும் 1 வோல்ட் திரும்பிவிட்டால் டிரான்சிஸ்டர் நிரபராதி.

முல்லார்ட் நிறுவனத்தின் ஏஎஃப்114 முதல் 117 வரையிலான டிரான்சிஸ்டர் வரிசை நிஜமாகவே செத்துப்போனதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், 1960-களின் செட்டுகளில் அவற்றின் கெட்ட பெயர் பிரசித்தம். ஆனால் அங்கேயும் கெட்டது ஜெர்மேனியம் அல்ல, அதை மூடிய உறை. உறையின் உட்புற வெள்ளீயப் பூச்சிலிருந்து முடியினும் மெல்லிய இழைகள் முளைத்து, உள்ளிருக்கும் கம்பிகளைத் தொட்டு ஷார்ட் செய்தன. உறையோ நான்காவது கால் வழியே கிரவுண்டோடு இணைந்திருந்தது. டிரான்சிஸ்டரை வேலைநிலையில் நிறுத்தும் பயாஸ் அந்த வழியே ஓடிப்போனது. ஒரே ஒரு கம்பிதான் உறையைத் தொட்டிருக்கிறது என்றால், அந்த நான்காவது காலை வெட்டியதுமே அதே டிரான்சிஸ்டர் மறுபடி வேலை செய்யும்.