மரவாழை பிறந்த கதை

கேரளத்தின் பாலராமபுரத்துச் சாலியர் தெருவில் கஞ்சி போட்ட பாவுநூலுக்கு மழைக்காலத்தில் பெரிய பகை பூசணம். ஈரம் காயாமல் சுருட்டி வைத்தால் நூலில் கரும்புள்ளி விழும். நெய்த வேட்டியிலும் தெரியும். திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய நெசவாளர் குடும்பங்கள் அந்தப் பகையோடு இருநூறு ஆண்டுகளாகப் போராடுகின்றன. அந்தப் பூசணத்தைப் போலவே பூஞ்சைக் கூட்டத்தைச் சேர்ந்த இன்னொன்றுதான், கொல்லைப் பலாமரத்தில் மரவாழைக்குப் பேறுகாலம் பார்க்கிறது.

மரவாழை என்பது இந்தப் பக்கத்தில் ஆர்க்கிட்டுக்கு வழங்கும் பேர். ஒட்டுண்ணி என்று சிலர் பிய்த்துப் போடுகிறார்கள். பாவம், அது மரத்தின் சாற்றைத் தொடுவதே இல்லை. நிற்க இடம்தான் கேட்கிறது.

அதன் காய் வெடிக்கும்போது உள்ளங்கையில் தட்டிப் பாருங்கள். முகப்பவுடர் போலப் பறக்கும். ஒரு காயில் ஆயிரக்கணக்கில், சில இனங்களில் லட்சக்கணக்கில் விதை. அது உட்கார்ந்திருக்கும் பலாவோ, முளைக்கப் போகும் பிள்ளைக்குக் கட்டுச்சோறு கட்டி, கொட்டை நிறைய மாவுச்சத்தோடு அனுப்புகிறது. மரவாழை விதைக்கு ஒரு பருக்கைகூடக் கிடையாது. காற்றோடு போய்ப் பட்டைப் பிளவில் விழுந்து காத்துக் கிடக்கும். மக்கும் பட்டையைத் தின்று வாழும் பூஞ்சை இழை ஒன்று உள்ளே நுழைய வேண்டும். நுழைந்த இழை, தார்க்குச்சியில் நூல் சுற்றுவதுபோல, விதையின் அறைகளுக்குள் சுருண்டுகொள்கிறது. அந்தச் சுருளை விதை செரித்துக்கொள்கிறது. சர்க்கரையும் தழைச்சத்தும் அப்படித்தான் வந்து சேர்கின்றன. வேரும் இல்லாமல் இலையும் இல்லாமல் ஒரு பச்சை மணி திரள்கிறது. அதுதான் பிறப்பு.

இதை உலகுக்குக் காட்டியவர் நொயேல் பெர்னார். 1899இல் பிரான்சின் ஃபோன்தேன்ப்ளோ காட்டில், சருகுக்கடியில் முளைத்துக் கிடந்த ஆர்க்கிட் விதைகளை உருப்பெருக்கியில் பார்த்தார். எல்லாவற்றிலும் பூஞ்சை இருந்தது. 1922இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன், பூஞ்சை இல்லாமலே சர்க்கரை கலந்த அகார் கூழில் விதையை முளைக்க வைத்தார். குடுவை நாற்றுத் தொழில் வளர்ந்தது அதிலிருந்துதான். ஆனால் பலாமரத்தில் யார் சர்க்கரை ஊற்றுவார்கள்?

பூஞ்சைக்கு இதில் என்ன லாபம் என்ற கேள்வி வெகுநாள் இருந்தது. ஐரோப்பியத் தரை ஆர்க்கிட் ஒன்றில் செய்த சோதனை 2006இல் வெளிவந்தது. அதன்படி, வளர்ந்த செடி தன் இலையில் சமைத்த உணவில் ஒரு பங்கைப் பூஞ்சைக்குத் திருப்பித் தருகிறது. எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

பழைய பலாவை வெட்டுகிறபோது மரவாழையைப் பிரித்து வேறு மரத்தில் கட்டிவிடுகிறோம். செடி பிழைக்கும், பூக்கும். அடுத்த தலைமுறை முளைக்க அங்கே தோதான பூஞ்சை வேண்டும். அதனால் பழைய பட்டையையும் ஒரு துண்டு சேர்த்துக் கட்டுங்கள். மழை விட்ட காலையில் தாய்வேரின் ஓரமாகக் கண்ணை வைத்துத் தேடினால், பாசி என்று சுரண்டிவிடத் தோன்றும் கடுகளவுப் பச்சை ஒன்று ஒட்டியிருக்கலாம்.