இராயபுரத்துப் பார்சிகளும் நமது கடமையும்

நமது சங்கத்து அன்பர்கள் பலர் இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் சொந்த வீடுடையவர்கள். அவர்களுட் சிலர், வாடகைக்கு வருவோரை நோக்கி முதற்கண் வினவுவது, "தாங்கள் எந்த மதம்?" என்பதே. விடை வேறாயின், வீடு காலியில்லை என்று கூறிவிடுகின்றனர். இவ்வழக்கம் நமக்குத் தகுமா என்பதை இத்திங்கள் ஆராய்வோம்.

இராயப்பர் என்னும் கிறிஸ்தவத் திருத்தொண்டர் பேராலேயே இராயபுரம் என்னும் பெயர் உண்டாயிற்று என்பர். அவ்வூருக்கு 1795-ம் ஆண்டில் ஹீர்ஜிபாய் மானக்ஜி கராஸ் என்பார் சில பார்சிகளோடு குடகு நாட்டினின்று வந்து நிலம் வாங்கினார். அவர்தம் பாஷை வேறு; வழிபாடும் வேறு; தொகையோ மிகச் சிறிது. எனினும் அவர்க்கு நிலம் கிடைத்தது. பின்னர் 1910-ல் பிரோஜ் கிளப்வாலா என்னும் செல்வர், காலஞ்சென்ற தம் மைந்தன் ஜால் என்பவர் ஞாபகார்த்தமாக ஆங்கு அக்கினி ஆலயம் எழுப்பினார். தமிழ்நாட்டில் பார்சிகளுக்கு இன்றும் அஃதொன்றே ஆலயம். இச்சிறு கூட்டத்தில் தோன்றிய மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் 1952-ல் சென்னை சமூகப்பணிப் பள்ளியை நிறுவினார். அன்று நிலம் மறுக்கப்பட்டிருப்பின், இழப்பு பார்சிகளுக்கு மட்டுமோ? நம் நகரத்துக்குமன்றோ?

இனிச் சட்டத்தை நோக்குவோம். மதம் மாறினவரும் ஜாதியினின்று விலக்கப்பட்டவரும் சொத்துரிமை இழத்தலாகாது என 1850-லேயே ஒரு சட்டம் பிறந்தது. 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு எல்லோர்க்கும் வழிபாட்டுரிமையை அளித்தது. 30-வது பிரிவு சிறுபான்மையோர்க்குப் பாடசாலை நடத்தும் உரிமையை அளித்தது. 15-வது பிரிவு கடை, ஓட்டல், கிணறு, குளம் முதலியவற்றில் மதம் பற்றி ஒருவரைத் தடுத்தலை விலக்கிற்று. ஆனால் வாடகை வீடு அப்பட்டியலில் குறிக்கப்படவில்லை. அன்றியும், ஆமதாபாத்தில் பார்சிகள் அமைத்த வீட்டுக் கூட்டுறவுச் சங்கம் பார்சிகளையே அங்கத்தினராகக் கொள்ளலாமென்று சுப்ரீம் கோர்ட்டார் 2005-ல் தீர்ப்பளித்தனர். சிறுபான்மையோர் தம்மைக் காத்துக்கொள்ளும் வேலி அது. அதே வேலியைப் பெரும்பான்மையோர் இடுவாராயின், சிறியோர்க்கு ஒதுங்க நிழலேது?

ஆகவே, சட்டம் எட்டாத அவ்விடத்தில் நீதி நம் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறது. பற்பல ஜாதியார்க்குக் கோயிற்கதவு 1947-ம் ஆண்டு ஆலயப் பிரவேசச் சட்டத்தாலேயே திறந்தது என்பதை நாம் மறத்தலாகாது. நம்மவர் பினாங்கிலும் இலங்கையிலும் சிறுபான்மையோராய் வாழ்கின்றனர். ஆங்கு அவர்க்கு வீடு மறுக்கப்பட்டால் நம் நெஞ்சு பொறுக்குமோ?

வாடகைக்கு வருவோரிடம் ஒழுக்கத்தையும் வாடகை தரும் சக்தியையும் மட்டுமே வினவுவது என்று அடுத்த பொதுக்கூட்டத்தில் தீர்மானம் செய்யுமாறு அன்பர்களை வேண்டுகிறோம். உரிமை கேட்கச் சங்கம் கூடிய நாம், பிறர் உரிமைக்கும் காவலாய் நிற்பதே சங்கத்துக்கு அழகு.