நகராட்சி முன் கொட்டிய 36 பீப்பாய்

முதுகுப் பையோடு ஐரோப்பாவைச் சுற்றும் இளைஞர்கள் பிராக் நகரில் தவறாமல் எட்டிப் பார்க்கும் மதுக்கூடம் ‘ஊ ஃப்ளெகூ’. 1499 முதல் அங்கே பீர் வடிக்கிறார்கள். செக் மதுக்கூடங்களில் மேசைமேல் ஒரு துண்டுச் சீட்டு கிடக்கும். கோப்பைக்கு ஒரு கோடு. காலியானால் பல இடங்களில் கேட்காமலே அடுத்தது வந்துவிடும். போதும் என்றால் கோப்பைக்கு அடியில் இருக்கும் அட்டையை எடுத்து அதன் மேல் மூட வேண்டும். இது தெரியாத புதியவர் பாடு திண்டாட்டம்தான்!

ஆனால் செக் பீரின் உண்மையான கதை, ரயிலில் ஒன்றரை மணி நேரம் மேற்கே, பில்சனில் இருக்கிறது.

1838-இல் அவ்வூர்க்காரர்கள் பொறுமையிழந்தார்கள். புளித்துக் கெட்ட 36 பீப்பாய் பீரை நகராட்சி மாளிகை முன்பாகவே கொட்டிக் கவிழ்த்தார்கள். குடிகாரர்களின் கோபம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அடுத்த சில ஆண்டுகளில் ஊரே சேர்ந்து புது ஆலை கட்டிவிட்டது. பவேரியாவிலிருந்து யோசஃப் க்ரோல் என்ற இளம் வல்லுநரை வரவழைத்தார்கள். ஊரின் உப்புக் குறைந்த மென்னீர், சாட்ஸ் பகுதி ஹாப்ஸ் பூ, இளஞ்சூட்டில் உலர்த்திய வெளிறிய மால்ட், பாறையைக் குடைந்த குளிர்ந்த நிலவறைகள் எல்லாம் கூடிவந்தன. 1842 அக்டோபர் 5 அன்று க்ரோல் முதல் உலை வைத்தார். கலங்கல் பீருக்குப் பழகிய கண்களுக்கு அந்தத் தெளிந்த பொன்னிறம் புதுசு.

உலகமெங்கும் ‘பில்ஸ்னர்’ என்று விற்பதெல்லாம் இந்த ஊர்ப் பெயரைச் சுமப்பவைதான். க்ரோலோ 1845-இல் ஒப்பந்தம் முடிந்து சொந்த ஊரான ஃபில்ஸ்ஹோஃபனுக்குத் திரும்பி, 1887-இல் அங்கேயே காலமானார்.