தீண்டாது அளக்கும் ஒளி

சுமை தாங்கும் எப்பொருளும் சிறிதேனும் உருமாறும். நீளத்தில் ஏற்படும் மாற்றத்தை முதல் நீளத்தால் வகுத்துப் பெறும் எண்ணே விகாரம் எனப்படும். சதுர மில்லிமீற்றருக்கு 100 நியூற்றன் என்னும் தகைப்பில் இழுக்கப்படும் ஒரு மீற்றர் நீளமான உருக்குக் கோல் ஏறத்தாழ அரை மில்லிமீற்றரே நீளும். இத்துணை நுண்ணிய மாற்றத்தைப் பொருளின்மீது எக்கருவியையும் பொருத்தாது, ஒளியைக் கொண்டே அறிய முயன்றோரின் வரலாறு இரு நூற்றாண்டுகளைக் கடந்ததாகும்.

இசுக்கொத்துலாந்து அறிஞரான டேவிட் புரூஸ்ரர், அமுக்கப்பட்ட கண்ணாடியை முனைவாக்கப்பட்ட ஒளியில் நோக்கியபோது அதனுள் வண்ணப் பட்டைகள் தோன்றக் கண்டு, அச்செய்தியை 1816இல் வெளியிட்டார். தகைப்புற்ற கண்ணாடி ஒளியை இரு கூறாக்குகின்றது; அவை வெவ்வேறு வேகத்திற் சென்று, வெளிவந்தபின் ஒன்றோடொன்று தலையிட்டு வண்ணங்களைப் பிறப்பிக்கின்றன. பாலத்தின் வில்வளைவைக் கண்ணாடியில் அமைப்பின் அதனுள் தகைப்புப் பரவும் வகையைக் கண்ணாற் காணலாம் என்றும் அவர் கருதினார். ஆயின் அக்காலப் பொறியியலாளர் அதனைப் பொருட்படுத்தினாரல்லர்.

1850இல், பத்தொன்பது வயது நிரம்பாத ஜேம்ஸ் கிளாக் மக்சுவெல், மீள்தன்மையுடைய திண்மங்கள் பற்றிய ஆய்வுரையொன்றை எடின்பரோ வேத்தியற் கழகத்திற்கு அளித்தார். முறுக்கப்பட்ட செலற்றீனில் எழுந்த வண்ணங்களை அவர் தம் சமன்பாடுகளோடு ஒப்பிட்டார். காட்சி கணிதமாயிற்று. எனினும் கண்ணாடியை வேண்டிய உருவிற் செதுக்குதல் அரிதாகையால் இம்முறை ஆய்வுகூடத்தை விட்டு எளிதில் வெளியேறவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலண்டனில் பேராசிரியர் கோக்கர், எளிதில் வெட்டத்தக்க செலுலோயிட்டைக் கையாண்டு இத்தடையை நீக்கினார். அவரும் பைலனும் இணைந்து இயற்றிய பெருநூல் 1931இல் வெளிவந்தது. துளைகளையும் கூரிய மூலைகளையும் சூழ்ந்து பட்டைகள் நெருங்கி நிற்றலை எவரும் காணலாயினர். அகன்ற தகட்டிலுள்ள சிறு வட்டத்துளையின் விளிம்பில் தகைப்பு மும்மடங்காகும் என 1898இல் கேர்ஷ் கணித்த உண்மை இவ்வாறு கண்முன் நின்றது. 1936இல் ஒப்பல் என்னும் ஜெர்மானியர், சூடேற்றிச் சுமையேற்றிய மாதிரியுருவை ஆறவிட்டு, அதனுள் உறைந்த விகாரத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஆராயும் முறையை வகுத்தார்.

இவையனைத்தும் ஒளிபுகும் மாதிரியுருவையே அளந்தன, உண்மையான உருக்கையன்று. 1960இல் லேசர் தோன்றிய பின்னரே அக்குறை நீங்கத் தொடங்கிற்று. 1965இல் அமெரிக்கரான பவலும் ஸ்ரெற்சனும், ஒளிபுகாப் பொருளின் மேற்பரப்பு சிறிது அசையினும் அதனை ஒளிப்பட்டைகளாற் காட்டும் முப்பரிமாணப் படமுறையை வெளியிட்டனர். 1980களில் தென் கரோலினாப் பல்கலைக்கழகத்தார், புள்ளிகள் தெளித்த மேற்பரப்பைச் சுமைக்கு முன்னும் பின்னும் படம்பிடித்து, கணினியால் ஒப்பிட்டு விகாரம் காணும் முறையை வளர்த்தனர்.

புரூஸ்ரர் தம் கண்டுபிடிப்பின் பயனை அறியாதவரல்லர். அவருக்குக் குறைவாயிருந்தவை தக்க கணிதமும் தக்க பொருளுமே. கண்டவர் ஒருவர், கணித்தவர் ஒருவர், கைக்கொண்டவர் வேறொருவர். மூவருக்குமிடையே ஒரு நூற்றாண்டு கழிந்தது. ஓர் உண்மை உடனே பயன்படாமையால் அது பயனற்றதென முடிவு கட்டலாகாது என்பதே மாணவர் இவ்வரலாற்றினின்றும் பெறத்தக்க படிப்பினையாகும்.